விற்ற பிரிண்ட்டை ஸ்கேன் செய்து பரப்புகிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வாட்டர்கலரில் பறவைகள் வரைந்து ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு விற்கிறேன். போன வாரம் பார்த்தால், என் மீன்கொத்தி ஒரு இலவச வால்பேப்பர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நெட்டில் நான் போட்டது 1000 பிக்சல் அகலம்தான், அதுவும் வாட்டர்மார்க்கோடு. அங்கே இருப்பதோ பெரிய ஃபைல். பெரிதாக்கினால் காகிதத்தின் சொரசொரப்பும் இடது மூலையில் மடிந்த கோடும் அப்படியே தெரிகின்றன. காசு கொடுத்து வாங்கிய யாரோதான் ஸ்கேனரில் வைத்திருக்கிறார்கள். கீழே இருந்த என் கையெழுத்தை மட்டும் பதமாக வெட்டிவிட்டார்கள்!

வரைந்து முடித்ததுமே பதிப்புரிமை நமக்கு உண்டு, பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தப்படி அதற்குப் பதிவு தேவையில்லை என்பது தெரியும். புகார் அனுப்பப் பென்சில் ஸ்கெட்ச், பாதி வரைந்தபோது எடுத்த போட்டோக்கள், ஒரிஜினல் ஸ்கேன் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறென்ன கேட்பார்கள்?

அடுத்த பதிப்பைப் பற்றித்தான் பெரிய குழப்பம். காசோலைகளில் ஜெராக்ஸ் எடுத்தால் மட்டும் எழுத்து தெரிகிற மாதிரி நுண்புள்ளிகள் அச்சிடுவார்களே, அதை ஓவியத்தில் யாராவது முயன்றதுண்டா? மெல்லிய வானநிறம் கெட்டுவிடுமோ என்று பயம். கையெழுத்தை இறக்கைக்குள்ளேயே ஒளிக்கலாம், ஒவ்வொரு பிரதியிலும் ஒரு இறகுக்கோட்டை மாற்றி யாருக்கு விற்றது என்று குறித்து வைக்கலாம் என்றும் தோன்றுகிறது. ஐம்பது பிரதிக்கு இது கட்டுப்படியாகுமா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "நெட்டில் போடாதே" என்பது மட்டும் வேண்டாம், இது நெட்டிலிருந்து போனதே இல்லை.