புதுப்பிப்பு: விஆர் கையுறையில் ஐந்து விரல்களும் ஒன்றாக அதிர்ந்த சிக்கல் தீர்ந்தது

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நானே தைத்த விஆர் (மெய்நிகர் உலகம்) கையுறையில் விரலுக்கு ஒன்றாக ஐந்து அதிர்வு மோட்டார்கள், ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிஆர்வி2605எல் சிப். திரையில் ஆள்காட்டி விரல் பந்தைத் தொட்டால் ஐந்து விரல்களும் சேர்ந்து நடுங்கின. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"சிப்புகளின் முகவரியைப் பாருங்கள்" என்று விழுப்புரம் நண்பர் சொன்னதே சரி. பல சிப்புகளை ஒரே கம்பிகளில் இணைக்கும் ஐ2சி முறையில் ஒவ்வொன்றையும் அதன் முகவரி எண்ணால்தான் கூப்பிட வேண்டும். இந்தச் சிப்பின் முகவரி 5ஏ. அதை மாற்ற வழியே இல்லை. ஒரே பெயரைக் கூப்பிட்டால் ஐந்தும் திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்! எட்டு வழியாகப் பிரிக்கும் டிசிஏ9548ஏ பலகையை நடுவில் வைத்ததும் சரியாகிவிட்டது. மின்சாரம் போதவில்லை என்றெண்ணி நான் வாங்கிய இரண்டு பேட்டரிகளும் வீண்செலவு.

மோட்டாரையும் மாற்றினேன். நாணய வடிவச் சுழல் மோட்டார் வேகம் பிடிக்கச் சில பத்து மில்லி வினாடிகள் ஆகும். தொட்ட உணர்வு பிந்தி வரும். சுழலாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் அதிரும் எல்ஆர்ஏ வகை சட்டென்று தட்டி நின்றுவிடுகிறது. சிப் தன்னை மோட்டாருக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் தானியங்கி அளவுத்திருத்தத்தை, மோட்டாரைக் கையுறையில் பொருத்திய பிறகே ஓட்டுங்கள். மேசைமேல் வைத்து ஓட்டியபோது எனக்கு அதிர்வு சோர்ந்திருந்தது.

எதிர்பாராதது கடலூர் வியர்வை. மஞ்சக்குப்பத்தில் மின்சாரம் போன ஒரு பிற்பகலில், இருபதே நிமிடத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா வழுக்கி, கட்டைவிரல் மோட்டார் கணுவுக்கு இறங்கிவிட்டது. இப்போது விரல் நுனியில் சிறு துணிப்பை தைத்து அதற்குள் செருகியிருக்கிறேன். அம்மா மாட்டிப் பார்த்து, "எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதே" என்றார். சுண்டுவிரல் மட்டும் இன்னும் அரை மனதாகவே அதிர்கிறது. கம்பி முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.