புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று

உணவுக்குழாய்ப் புற்றுநோயால் அப்பாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை, ஸ்டென்ட் (அடைபட்ட வழியைத் திறந்து வைக்கும் குழாய்) வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்தாயிற்று. கதிர்வீச்சில் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை தாங்க அவருக்குத் தெம்பில்லை.

எண்டோஸ்கோப்பி (வாய்வழியே விடும் கேமராக் குழாய்) மூலம் மடங்கிய கம்பிவலைக் குழாயை உள்ளே விட்டார்கள். அது தானாக விரிந்து வழியைத் திறந்து வைக்கிறது. கட்டியைக் கரைக்காது, அவ்வளவுதான். முதல் சில நாள் நெஞ்சுவலி பலமாகவே இருந்தது.

இப்போது குழைந்த ரசம் சாதமும் சாம்பாரில் ஊறிய இட்லியும் இறங்குகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்க்கு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கிறார். பிரெட், கறித்துண்டு, நார்க் காய்கள் கூடாது, சிக்கிக்கொள்ளும். குழாயின் கீழ்முனை இரைப்பைக்குள் இருப்பதால் அமிலம் மேலேறும். அதனால் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருக்கிறோம், மாத்திரையும் உண்டு.

அப்பா முறுக்கு கேட்கிறார். அம்மா டப்பாவை ஒளித்துவிட்டார்.