மொட்டு விடும் பருவத்தில் உரத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
எல்.இ.டி. விளக்கின் கீழ் ஆப்பிரிக்க வயலட் பூச்செடி வளர்க்கிறேன். இலை பெருகும் வரை தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கொடுத்து, மொட்டு கண்ணில் பட்டதும் லிட்டருக்கு ஒரு கிராம் என, மணிச்சத்து மிகுந்த 0:52:34க்கு மாறுகிறேன். பூப்பது செடிக்குப் பெரும் உழைப்பு. அந்த நேரத்தில் ஊட்டத்தைக் குறைக்கச் சொல்வோரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குறைத்துப் பார்த்தபோது என் செடிகளின் இலைகள் வெளுத்துப்போயின.

காட்பாடிக் கிணறு:
ஐயா, பையின் மேல் அச்சிட்ட 52 பாஸ்பரஸின் அளவு அன்று. அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற சேர்மத்தின் கணக்கு. 0.436ஆல் பெருக்கினால், உங்கள் ஒரு கிராமில் ஏறத்தாழ 227 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. ஆய்வகங்களில் செடி வளர்க்கப் பயன்படும் ஹோக்லண்ட் ஊட்டக் கரைசலின் முழு வலிமையிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம்தான். மிஞ்சிய பாஸ்பரஸ் பூவைக் கூட்டுவதில்லை. இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைப்பதைத் தடுக்கிறது.

அதைவிட முக்கியமானது தண்ணீர். என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் உரம் ஒரு துளியும் கலக்காமலே இ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துத்திறனை வைத்து உப்பைக் காட்டும் கருவி) 1.4 காட்டுகிறது. மென்மையான வேர் கொண்ட வயலட்டுக்கு அதுவே அதிகம். உங்கள் நீரும் அப்படியானால், அதன் மேல் நீங்கள் ஊற்றும் உரம் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, அதில் படும் இலைக்காம்பை அழுகச் செய்யும். வெளுத்தவை இளம் இலைகளா, முதிர்ந்த இலைகளா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
இளம் இலைகள்தாம், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஆனால் உப்பைத் தவிர்க்க ஆர்.ஓ. நீருக்கு மாறினால் கால்சியமும் மக்னீசியமும் போய்விடுமே?

காட்பாடிக் கிணறு:
அப்படியானால் அது பட்டினி அன்று. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைதான் வெளுக்கும். உப்புநீரிலுள்ள பைகார்பனேட் தொட்டி மண்கலவையின் காரத்தன்மையை உயர்த்துவதால் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் இளம் இலை வெளுக்கிறது. ஆர்.ஓ. நீருடன் கிணற்று நீரை நாலில் ஒரு பங்கு கலந்தால் கால்சியத்தைப் பற்றிய கவலை பெரிதும் தீரும்.

வாலாஜா ஆர்க்கிட்:
ஓர் எச்சரிக்கை: 19:19:19இல் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா, யூரியா மின்சாரத்தைக் கடத்தாததால் மீட்டர் அதைக் காட்டாது. மீட்டரை மட்டும் நம்பிக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். என் பலெனாப்சிஸ் ஆர்க்கிட்டில் பூந்தண்டு வருவது மார்கழி இரவுகளின் குளிர்ச்சியால்தான். எந்த உரமும் அதைச் சித்திரையில் வரவழைத்ததில்லை. வயலட்டுக்கு அந்த இடத்தில் இருப்பது வெளிச்சம்: நாளுக்கு 12 மணி நேரமாவது விளக்கு எரிகிறதா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
எட்டு மணி நேரம்தான் எரிகிறது. விளக்கைக் கூட்டி, 0:52:34ஐ நிறுத்துகிறேன். ஆயினும் மொட்டுக் காலத்தில் சாம்பல்சத்து சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்; இரண்டு தொட்டிகளுக்கு மட்டும் சாம்பல்சத்து மிகுந்த 13:0:45ஐ லிட்டருக்குக் கால் கிராம் கொடுத்து, மற்ற இரண்டுக்கும் 19:19:19ஐயே கால் கிராமாகத் தொடர்ந்து, மாதம் ஒருமுறை நல்ல நீரால் அலசிவிட்டுப் பூக்களை எண்ணப்போகிறேன்.