பரணில் கிடந்த எல்வி பெட்டியும் ஸ்பீடி பையும்: ஏலத்துக்கு விட என்ன செய்யணும்? (கிருஷ்ணகிரி)

பரண்மேல் (பழையபேட்டை, கிருஷ்ணகிரி)

மூணு பொருள் இருக்கு.

முதலாவது, லூயி வுய்ட்டன் (சுருக்கமா எல்வி, பிரெஞ்சு ஆடம்பரப் பை நிறுவனம்) கெட்டிப் பெட்டி. 70 செமீ நீளம். பழுப்புத் துணியில் எல்வி எழுத்தும் பூவும், ஓரம் பூரா வரிசையா பித்தளை ஆணி. சாவி இல்லை, ஆனா பூட்டு திறந்தே இருக்கு. மூடிக்கு உள்பக்கம் ஒட்டின சீட்டில் பாரிஸ் 70 ஷான்ஸ் எலிசே, லண்டன் 149 நியூ பாண்ட் ஸ்ட்ரீட்னு முகவரி. பக்கத்துல ஒரு எண்.

ரெண்டாவது, அதே நிறுவனத்தோட ஸ்பீடி 30 கைப்பை. உள்ளே தோல் நாக்கில் எஸ்பி 0968. ஒரு பக்கம் எல்வி எழுத்து தலைகீழா நிக்குது, அதான் போலியோன்னு சந்தேகம்.

மூணாவது, பேர் எதுவும் இல்லாத சின்னப் பை. பாம்புத்தோல் மாதிரி தெரியுது.

பழைய சாமான் கடையில் பெட்டியை 4,000 ரூபாய்க்குக் கேக்கறாங்க. பித்தளையைப் புளி போட்டு விளக்கி, தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, படம் எடுத்து லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமான்னு யோசனை. வழி சொல்லுங்க.

தோல்பட்டறை

முதல்ல அந்தப் புளியைக் கீழே வைங்க.

குத்துவிளக்குக்குப் புளி சரி. வாரா வாரம் தேய்ச்சாலும் அது விளக்குதான். பெட்டியோட பித்தளையில் படிஞ்சிருக்கிற கருமை, வாங்குறவருக்கு வயசுச் சான்று. புளியில் இருக்கிற அமிலம் அதைக் கரைச்சு எடுத்துடும். சாறு ஆணித் தலைக்கு அடியில் இறங்கிட்டா கொஞ்ச நாளில் பச்சைக் களிம்பு பூத்து, பக்கத்துல இருக்கிற துணியிலும் கறை ஏத்தும். ஓரத்தில் ஆணி அடிச்சிருக்கிற பட்டை 'லோசின்'னு சொல்ற அழுத்தின நார்ப்பட்டை. ஈரம் பட்டா அது ஊதி அடுக்கடுக்கா பிரியும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மேல்பூச்சு இல்லாத வெளிர்த்தோல் அதைக் குடிச்சுட்டுத் திட்டுத்திட்டா கறுக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும். செய்யக்கூடியது இவ்வளவுதான்: மென்மையான, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால தூசியை உதறுங்க. மூடியைத் திறந்து நிழல்ல, காற்றோட்டமான இடத்துல நாலஞ்சு நாள் வைங்க. வெயில்ல வெச்சா தோல் வெடிக்கும். பாச்சை உருண்டை போட்டா அந்த வாடை வருஷக்கணக்கா போகாது.

ஓசூர்க்காரி

ஸ்பீடியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

தலைகீழ் எழுத்து போலிக்கு அடையாளம் இல்லைங்க. ஸ்பீடியின் உடம்பு அடியில் தையல் இல்லாம ஒரே துண்டுத் துணியில் வெட்டினது. முன்பக்கம் எழுத்து நேரா இருந்தா, அதே துணி அடியில் மடிஞ்சு பின்பக்கம் ஏறும்போது கவிழ்ந்துதான் நிக்கும். உங்க பையில் ரெண்டு பக்கமும் நேரா இருந்திருந்தாத்தான் கேள்வி வரும். கீப்பால் பயணப்பையும் இப்படித்தான்.

எஸ்பி 0968: எழுத்து ரெண்டும் தயாரிப்புக் கூடத்தைக் குறிக்கும். எஸ்பி பிரான்ஸ். 1990 முதல் 2006 வரை எண்களில் முதலாவதும் மூணாவதும் மாதம், ரெண்டாவதும் நாலாவதும் வருஷம். 0_6_ ஜூன், _9_8 அப்படின்னா 1998. 2007 முதல் மாதத்துக்குப் பதிலா வார எண். 2021-ல் இருந்து இந்த முறையை விட்டுட்டு மின்னணுச் சில்லு (மைக்ரோசிப்) வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பையில் இருக்கிற 'தயாரிப்பு' முத்திரையும் பிரான்ஸ்னு இருக்கான்னு பாருங்க. ஒண்ணு நினைவில் வைங்க: எண் சரியா இருக்கிறதால மட்டும் பை அசலாகிடாது. போலி அடிக்கிறவனும் எண் அடிப்பான். எண் பொருந்தலேன்னா போலின்னு சந்தேகிக்கலாம், பொருந்தினா மத்ததையும் பாக்கணும். தையல் இடைவெளி, ஜிப், தோலின் தேன் நிறம் எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு.

இதை ஏலத்துக்கு அனுப்பாதீங்க. ஸ்பீடி லட்சக்கணக்கில் உலவுது. கமிஷனும் அனுப்புற செலவும் போனா மிஞ்சுறது சொற்பம். பெங்களூருல, மும்பைல பயன்படுத்தின ஆடம்பரப் பைகளைச் சரிபார்த்து விற்கிற கடைகள் இருக்கு. நேரா அங்கே கொடுங்க.

ஏலக்கணக்கு

பெட்டிக்கு வருவோம். அந்தச் சீட்டைச் சுரண்டாதீங்க, மேலே டேப் ஒட்டாதீங்க. உங்க கையில் இருக்கிற பெரிய ஆதாரம் அதுதான்.

நியூ பாண்ட் ஸ்ட்ரீட் கடை 1900-ல் வந்தது. ஷான்ஸ் எலிசே 70-ம் எண் கட்டடம் 1914-ல் திறந்தது, 1954-ல் கடை அவென்யூ மார்சோவுக்கு மாறிடுச்சு. சீட்டில் ரூ ஸ்க்ரீப் 1-னு இருந்திருந்தா 1914-க்கு முந்தினதுன்னு சொல்லலாம். ஆக உங்க பெட்டி 1914-க்கும் 1954-க்கும் நடுவுல.

சிக்கலே அங்கேதான். 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த கைவினைப் பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் செஞ்சது என்கிறது தப்பிக்க வழி ஆகாது. பெட்டி 1920-ன்னா லண்டன் கதவு மூடிடுச்சு. 1935-ன்னா மத்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' சான்று வாங்கி அனுப்பலாம். வயசு உறுதியாகாத வரைக்கும் கூரியர் பக்கமே போகாதீங்க. இந்தியாவுக்குள்ளே விற்கத் தடை இல்லை. சாஃப்ரன் ஆர்ட், ஆஸ்டாகுரு மாதிரி மும்பை ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பி, பயணப்பெட்டி எடுப்பீங்களான்னு முதல்ல கேளுங்க.

மூணாவது பையை எங்கேயும் விளம்பரம் பண்ணாதீங்க. நிஜப் பாம்புத்தோலா இருந்தா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீங்க. வனத்துறையிடம் கேட்டுட்டு மறுவேலை.

பரண்மேல்

ரொம்ப நன்றிங்க. ஆனா ஒரு கொக்கியை நேத்தே புளி போட்டு விளக்கிட்டேன். பளபளன்னு இருக்கு. மறுபடி கறுக்க வைக்கலாமா? படம் எத்தனை வேணும்? அப்புறம் ஏலக்காரங்க குறைந்த மதிப்பு, ரிசர்வ், ஹேமர்னு சொல்றாங்க, கையில் என்ன வரும்?

தோல்பட்டறை

செயற்கையா கறுக்க வைக்காதீங்க, அது இன்னொரு பொய். நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச பஞ்சால கொக்கியை மட்டும் ரெண்டு தடவை ஒத்தி, உடனே துணியால உலர்த்துங்க. பெட்டி எந்த நிலையில் இருக்குன்னு ஏலத்துக்குக் கொடுக்கிற அறிக்கையில் 'ஒரு கொக்கி சமீபத்தில் துலக்கப்பட்டது'ன்னு நீங்களே எழுதிடுங்க. மறைச்சு, வாங்கினவர் கண்டுபிடிச்சா விற்பனையே ரத்தாகும்.

படம் வாசல் நிழல்ல, ஃபிளாஷ் இல்லாம. ஆறு பக்கம், நாலு மூலை, சீட்டு, பூட்டின் முகப்பு, உள்துணி, கிழிசல் பக்கத்துல ஒரு ஸ்கேல். பூட்டில் பொறிச்ச எண் வேற, சீட்டில் இருக்கிற எண் வேற. ரெண்டையும் தனித்தனியா குறிங்க. சாவி இல்லைன்னு பூட்டை மாத்திடாதீங்க. மாத்தினா எண்ணும் போச்சு, மதிப்பும் போச்சு.

ஏலக்கணக்கு

சுத்தியல் விழுந்த விலைதான் ஹேமர். அதுக்கு மேல் வாங்குறவர் கொடுக்கிற பிரீமியம் ஏல நிறுவனத்துக்கு. 2025 ஜூலையில் பாரிஸ் சாத்பீஸ் ஏலத்தில் நடிகை ஜேன் பர்கினோட முதல் பர்கின் பை (எர்மேஸ் நிறுவனம் அவர் பேரில் செஞ்ச கைப்பை) 70 லட்சம் யூரோவுக்குச் சுத்தியல் விழுந்தது. செய்தியில் வந்தது கட்டணம் சேர்ந்த 85.8 லட்சம். இணையத்துல பாக்குற விலை பெரும்பாலும் ரெண்டாவது வகை, அதை வெச்சு மனக்கோட்டை கட்டாதீங்க.

உங்க பக்கக் கணக்கு, உதாரணத்துக்கு: ஹேமர் 2,00,000. கமிஷன் 10 சதவீதம் 20,000. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. படம், காப்பீடு, வண்டி 6,000. கையில் 1,70,400. கமிஷன் பேசிக் குறைக்கலாம்.

ரிசர்வ்னா அதுக்குக் கீழே விற்க மாட்டேன்னு நீங்க வைக்கிற கோடு. குறைந்த மதிப்புன்னா ஏல நிறுவனம் 'இதுல இருந்து இது வரை போகும்'னு போடுற மதிப்பில் கீழ்த்தொகை. ரிசர்வை அதைத் தாண்டி வைக்க விட மாட்டாங்க. பேராசைப்பட்டு மதிப்பை ஏத்தச் சொன்னா ஏலத்தில் கையே உயராது. விலைபோகாத பெட்டின்னு பதிவாகிட்டா அடுத்த ஏலத்தில் இன்னும் கீழே இருந்துதான் ஆரம்பிக்கணும். விலைபோகலேன்னா கட்டணம் உண்டா, திருப்பி அனுப்புற செலவு யாரோடது, இந்த ரெண்டையும் கையெழுத்துக்கு முன்னாடி ஒப்பந்தத்தில் பாருங்க. வரிக்கு ஆடிட்டரைக் கேளுங்க. சொந்த உபயோகப் பொருளுக்கு மூலதன ஆதாய விலக்கு உண்டு, உங்க பெட்டி அதில் சேருமான்னு அவர் சொல்லட்டும்.

ஓசூர்க்காரி

கட்டுறதுக்கு ஒரு வார்த்தை. மாங்கூழ் ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்றவங்க நம்ம ஊர்ப்பக்கம் இருக்காங்க, அவங்ககிட்ட ஏழு அடுக்கு அட்டையில் அளவு சொல்லிச் செய்யுங்க, சுத்தி 5 செமீ இடம் விட்டு. கஞ்சி போக அலசிக் காயவெச்ச காடாத்துணியில் பெட்டியைச் சுத்துங்க. செய்தித்தாள் மை துணியில் ஏறும். பிளாஸ்டிக் நேரா பட்டா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கொக்கி மூடியில் இடிக்காம நடுவில் பஞ்சு. ஐப்பசி மழையில் அனுப்பாதீங்க.

பரண்மேல்

சரிங்க. முதல்ல ரெண்டு எண்ணையும் குறிச்சு, படம் எடுத்து மும்பைக்கு அனுப்பறேன். வயசு பத்தி என்ன சொல்றாங்கன்னு இங்கேயே எழுதறேன்.