காலைல பால், எட்டு மணிக்கு ரகளை – உங்க வீட்ல எப்படி?

கொங்கு அம்மா:
எம் பையனுக்கு ஏழு வயசுங்க. போன வருஷம் பூரா காலைல எங்க வீட்ல யுத்தம்தான். எட்டேகாலுக்கு வேன் வரும், எட்டு மணிக்கு ஷூவ தூக்கி வீசுவான், தங்கச்சிய கிள்ளுவான், பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்குவான். மிஸ் டைரில 'ரொம்ப அடம்'னு எழுதி அனுப்பிச்சாங்க. செல்போன பிடுங்கி வெச்சோம், அவங்கப்பா ரெண்டு வெச்சும் பாத்தாரு, ஒண்ணும் வேலைக்காகல. ஏழு மணி பால் மட்டும் ஒரு நாளும் தவறாது, மாமியார் பக்கத்துல நின்னு குடிக்க வெச்சு, டம்ளர கவுத்துக் காட்டுடாம்பாங்க.

மே மாசம் அம்முச்சி ஊட்டுக்கு போயி பத்து நாள் இருந்தான். அங்க காலைல பால் பழக்கமே இல்ல, கம்மங்கூழ்ல மோர் ஊத்திக் குடுத்துருவாங்க. ஒரு நாள் கூட சண்டை இல்லைங்க. ஸ்கூல் இல்லாத குஷின்னு நெனச்சேன். திரும்பி வந்த மறுநாள், லீவு இன்னும் மூணு வாரம் பாக்கி, பால் குடிச்ச முக்கா மணி நேரத்துல பழைய ரகளை, அன்னைக்கு வயித்தப் பிடிச்சுட்டு சுருண்டும் கெடந்தான். ஸ்கூல்தான் இல்லையே, அப்ப வேற என்னன்னு அன்னைக்குத்தான் பொறி தட்டுச்சு.

டாக்டர் கேட்டுட்டு, பால்ல லாக்டோஸ்னு ஒரு சர்க்கரை இருக்கு, அதை செரிக்கிற என்சைம் நெறைய பேருக்கு வளர வளர கொறையும், தயிரா புளிக்கும்போதே அதுல கொஞ்சம் போயிடும், அதான் ஊர்ல மோர் ஒத்துக்கிச்சுன்னாரு. ரெண்டு வாரம் பாலை நிறுத்திட்டு மறுபடி குடுத்துப் பாக்கச் சொன்னாரு. ஆனா பால் குடிச்சதும் உடம்பு தடிக்குது, மூச்சு வாங்குதுன்னா அது அலர்ஜி, அதை வீட்ல டெஸ்ட் பண்ற வேலையே வேண்டாம்னு கண்டிச்சு சொல்லிட்டாரு. நிறுத்துனோம், அடங்குச்சு. குடுத்தோம், மறுபடி வந்துச்சு.

வலிக்குதுன்னு ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். "பால் குடிச்சா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா"ன்னான். அன்னைக்கு பூரா எனக்கு சோறு எறங்கல.

ரெட்டைவால் அப்பா:
அக்கா, எங்க வீட்ல குத்தவாளி சர்க்கரைதான்னு முடிவே பண்ணி வெச்சிருந்தோம். பர்த்டே பார்ட்டி போயிட்டு வந்தா சோபால குதிப்பானுங்க. ஒரு நாள் அதே மாதிரி கேக்க வீட்ல சும்மா உக்காந்து தின்னானுங்க, ஒண்ணுமே ஆகல. அப்புறம்தான் ஒண்ணு படிச்சேன், 1994ல அமெரிக்கால 5லருந்து 7 வயசு பசங்களோட அம்மாங்கள்ல பாதி பேருகிட்ட ஒங்க பையனுக்கு நெறைய சர்க்கரை குடுத்துட்டோம்னு சொல்லியிருக்காங்க, உண்மையில குடுத்தது சர்க்கரையே இல்ல. அந்த அம்மாங்க, ஐயோ இவன் ரொம்ப துள்ளுறான்னு மார்க் போட்டிருக்காங்க. வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது வேற கதை.

சாப்பாட்டுல போடுற கலர் விஷயம் அப்படி இல்ல. 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்டன்ல 3 வயசு, 8-9 வயசு பசங்களுக்கு ஜூஸ்ல கலரும், கெட்டுப்போகாம இருக்கப் போடுற சோடியம் பென்சோவேட்டும் கலந்து குடுத்துப் பாத்தாங்க, துறுதுறுப்பு கொஞ்சம் கூடத்தான் செஞ்சுச்சு. எல்லா புள்ளைக்கும் ஒரே மாதிரி இல்ல. 2010லருந்து ஐரோப்பால ஆறு கலருக்கு டப்பாலயே எச்சரிக்கை போடணும், அதுல டார்ட்ரசின், சன்செட் யெல்லோ ரெண்டும் உண்டு. நம்ம ஊர் பாக்கெட்ல அந்த ரெண்டுக்கும் 102, 110ன்னு பொடி எழுத்துல நம்பர் மட்டும் இருக்கும், கண்ணாடி போட்டுத்தான் தேடணும். கல்யாண வீட்டு ஆரஞ்சு கேசரிக்கு அதுவும் கெடையாது.

தஞ்சாவூர் பொண்ணு:
நான் உங்க எல்லாருக்கும் மேல போயிட்டேன். என் பொண்ணு எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு அழுவா, உடனே யூடியூப் பாத்து கோதுமை, பால், முட்டை, கடலை, சர்க்கரை எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டேன். ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ இறங்கிட்டா. டாக்டர் விட்டாரு பாருங்க டோஸ். கோதுமை ஒத்துக்கலையான்னு ரத்தத்துல பாக்கணும்னா டெஸ்ட் வரைக்கும் கோதுமை சாப்ட்டுக்கிட்டே இருக்கணுமாம், நான் முன்னாடியே நிறுத்திக் கெடுத்து வெச்சிருக்கேன். கடைசில பாத்தா ஹீமோகுளோபின் 8.4தான், ரத்தசோகை. இரும்புச் சத்து கொறஞ்சா கண்டதையும் திங்கத் தோணுமாம். இவ பல்பம் தின்னுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும், எல்லா புள்ளையும் திங்கிறதுதானேன்னு விட்டுட்டேன். இரும்புச் சத்து டானிக் குடுத்து ரெண்டு மாசத்துல பல்பமும் போச்சு, சிடுசிடுப்பும் பாதி போச்சு. மீதி பாதி அவங்கப்பா சொத்து.

கொங்கு அம்மா:
@தஞ்சாவூர் பொண்ணு, பல்பம் என் சின்னவளும் திங்கிறாளே! நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.
எங்க மாமியார் சங்கதி கேட்டீங்களா, இப்ப அதே டம்ளர்ல மோர் ஊத்திக் குடுக்குறாங்க. கவுத்துத்தான் காட்டணும்.