மறுமொழி: ஸோனிங் – மண்டலம்னு சொல்லாம வேற சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஸோனிங்னா எந்த நிலத்துல வீடு, எதுல கடை, எதுல விவசாயம்னு அரசு திட்ட மேப்புல பிரிச்சு விதி போடறது, அதுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடற இந்த இழையில மூணு நாலு மடல் சேர்ந்துபோச்சு, எல்லாத்துக்கும் இதுலயே சேர்த்து எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

> மண்டலமாக்கல்னு ஏற்கனவே இருக்கு, பத்திரிகைலயும் வருது. புதுசா எதுக்கு?

இருக்குது அண்ணே, ஆனா புழங்கற இடத்துல அது வேலை செய்யல. போன மாசம் எங்க ஏரியாவுல (பள்ளிக்கரணை பக்கம்) நாங்களே இருபது பேர் மாதிரி சேர்ந்து ஒரு வீட்டு மொட்டைமாடியில கூட்டம் போட்டோம், சென்னையோட மூணாவது முழுமைத் திட்டம்னா (மாஸ்டர் பிளான்) என்ன, அதுல நாம என்ன கேக்கலாம்னு பேசறதுக்கு. 2008-ல வந்த ரெண்டாவது திட்டம் 2026 வரைக்கும்தான், அடுத்தது 2046 வரைக்கும் போகுது, அதாவது இப்ப பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க வீடு கட்டற காலம் வரைக்கும். பழைய திட்ட மேப்பை பெருசா பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டியிருந்தோம், நான்தான் விளக்கினேன், இது குடியிருப்பு மண்டலம், இது விவசாய மண்டலம்னு. முன்னாடி உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் ரொம்ப நேரம் மேப்பையே பாத்துட்டு "தம்பி, நாம 14-ஆவது மண்டலம்தானே, இப்ப நம்மள விவசாய மண்டலத்துக்கு மாத்தறாங்களா, வரி எங்க போய் கட்டணும்"னு கேட்டார்.

அவர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. சென்னைக்காரங்களுக்கு மண்டலம்னா மாநகராட்சி மண்டலம், தெருவிளக்கு எரியலன்னா போற ஆபீஸ். அதை திரும்ப விளக்கி முடிக்கறதுக்குள்ள அரைமணி நேரம் ஓடிப்போச்சு, சதுப்பு நிலத்தைப் பத்தி பேசணும்னு கூப்பிட்ட கூட்டத்துல சதுப்பு நிலத்துக்கு பத்து நிமிஷம்தான் மிச்சம். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அதனாலதான் இந்த இழையை ஆரம்பிச்சேன்.

> அப்ப வட்டாரம்னு வெச்சுக்கலாமே.

வட்டாரம்னா பிளாக், வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கார். வட்டம்னா தாலுகா. கோட்டம்னா வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம். இடத்தைக் குறிக்கற நம்ம நல்ல நல்ல சொல்லையெல்லாம் ஏதோ ஒரு ஆபீஸ் ஏற்கனவே எடுத்துக்கிச்சு. பகுதின்னு சொன்னா ரொம்ப பொது, சட்டத்துல நிக்காது.

> நில வகைப்பாடு?

இதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. வகைப்பாடுன்னு சொன்ன உடனே சிட்டாவுல இருக்கற நஞ்சை, புஞ்சைதான் ஞாபகம் வரும். அது வருவாய்த்துறை கணக்கு, நிலம் எப்படிப்பட்டதுன்னு சொல்றது. ஸோனிங் அது இல்ல, இந்த நிலத்துல இனிமே என்ன செய்ய விடுவாங்கன்னு சொல்றது. ரெண்டும் ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்ல, சிட்டாவுல புஞ்சைன்னு இருக்கற இடம் மேப்புல மஞ்சளா (குடியிருப்பு) இருக்கலாம், நஞ்சை இல்லவே இல்லன்னு நம்பி வாங்கின மனை மேப்புல பச்சையா (விவசாயம்) இருக்கலாம். பத்திரம் சரியா இருக்கு, பட்டா பேருக்கு மாறிடுச்சு, அப்புறம் பிளான் அப்ரூவலுக்குப் போனா ஸோன் ஒத்துவரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அழுத குடும்பம் எங்க சொந்தத்துலயே ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வெச்சா இந்தக் குழப்பத்தை நாமளே வளர்த்த மாதிரி ஆயிடும்.

நிலப்பயன்பாடுன்னே விட்டுடலாம்னு இன்னொருத்தர் எழுதியிருந்தார். அது லேண்ட் யூஸ், அந்த சொல்லு நல்லா ஊனிடுச்சு, தொட வேண்டாம். ஆனா அது தரையில இன்னைக்கு என்ன நடக்குதுங்கறது. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஸோனிங் சட்டமே கிடையாது, அதுக்காக அங்க நிலப்பயன்பாடு இல்லன்னு சொல்ல முடியுமா?

>> ஸோனிங் = பயன்வரம்பு
> வரம்புன்னா கோடு. ஸோன்ங்கறது கோட்டுக்கு உள்ள இருக்கற நிலம். குடியிருப்புப் பயன்வரம்புல வீடு கட்டினேன்னு சொன்னா வரப்பு மேல வீடு கட்டின மாதிரி இருக்கு.

பயன்வரம்புன்னு நான் முன்னாடி எழுதினதுக்கு அக்கா சொன்னது நியாயம், ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். விதிக்கு ஒரு சொல்லு, இடத்துக்கு ஒரு சொல்லுன்னு பிரிச்சுட்டா சரியா வரும்னு இப்ப தோணுது. விதி பயன்வரம்பாவே இருக்கட்டும், இந்தப் பயனுக்கு இதுவரைக்கும்தான்னு வரப்பு போடறதுதானே வேலை. இடத்துக்கு பயன்புலம்.

புலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, சர்வே நம்பருக்கு புல எண்னுதான் எழுதறோம், எஃப்எம்பி ஸ்கெட்சுக்கு (ஒரு சர்வே நம்பரோட அளவு வரைபடம்) புலப்படம்னு ஆன்லைன்லயே போட்டிருக்கு. கிராமத்துல நிலம் வெச்சிருக்கற யாருக்கும் இது புது சொல்லு இல்ல. சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல 1,189 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 5,904-க்கு நீட்டினாங்க, அரக்கோணம் பக்கம் வரைக்கும் போயிடுச்சு. இந்த மேப்பை முதல்முதலா பாக்கப்போற நிறைய பேர் ஏர் ஓட்டினவங்க, அவங்களுக்குப் புரியணும்னுதான் எனக்கு இவ்வளவு கவலை. நம்ம ஊர்ல இந்தக் கருத்து இல்லாமயும் இல்ல, நத்தம்னா வீடு கட்டற இடம், மந்தைவெளின்னா மாடு மேயற இடம், அந்த இடத்துல அந்த வேலைதான்னு ஊருக்கே தெரியும், மேப்பு இல்லாமலே.

> புலம்னா ஈழத்தவருக்கு புலம்பெயர் ஞாபகம் வரும், பல்கலைக்கழகத்துல துறைகள் சேர்ந்த புலமும் இருக்கு.

வரும், ஆனா பயன் முன்னாடி ஒட்டின அப்புறம் குழப்பம் வராதுன்னு நினைக்கிறேன். குடியிருப்புப் பயன்புலம், வணிகப் பயன்புலம், தொழில் பயன்புலம், எல்லாமே வாயில உக்காருது. ரீஸோனிங்க்கு பயன்புல மாற்றம்.

இன்னொண்ணு சொல்லணும். ரெண்டாவது திட்டத்துல நான்-அர்பன், அர்பனைசபிள்னு ரெண்டு வகை இருக்கு, அதை நகர்சாரா, நகராகத்தக்கன்னு பெயர்க்கறாங்க. எனக்கு இது மனசுக்கே ஒப்பல. வயலை, ஏரியை, கழுவெளியை (சதுப்பு நிலத்தை), இன்னும் நகரமா ஆகாததுன்னு பேர் வெச்சா என்னைக்காவது ஆகியே தீரணும்னு அந்தப் பேர்லயே எழுதியிருக்கற மாதிரி இருக்கு. லாங் டேங்க்னு சொன்ன நீண்ட ஏரியை எடுத்துதான் 1920-கள்ல தி. நகர் வந்துச்சு, மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேரு மட்டும் மிச்சம், ஏரி இல்ல. பள்ளிக்கரணை 2022-ல ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தது, அது நகர்சாராதது இல்ல, அது சதுப்பு, அதுக்கு அதோட சொந்தப் பேரையே வெச்சு சதுப்புப் பயன்புலம், ஏரிப் பயன்புலம்னு தனியா கேப்போம். தண்ணி நிக்கறதும் ஒரு பயன்தான்.

மிக்ஸ்டு யூஸ்க்கு கலப்புப் பயன்புலம் எனக்கு ஓரளவுக்குதான் பிடிச்சிருக்கு, கலப்புன்னா கலப்படம் மாதிரி ஒரு வாடை. கீழ கடை மேல வீடுன்னு இருக்கற நம்ம தெருவுக்கு இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோணினா எழுதுங்க.

ஆட்சேபணை மனுவுக்கு ஒரு வரி எழுதிப் பாத்தேன்: "மேற்படி புல எண்ணில் உள்ள நிலம் ஏரியின் உள்வாயை ஒட்டியது. இதை வேளாண் பயன்புலத்திலிருந்து குடியிருப்புப் பயன்புலமாக மாற்றக்கூடாது." நேத்து சாயங்காலம் டீக்கடையில அந்தப் பெரியவரைப் பாத்தேன், இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், எதுவும் விளக்கல. ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "சரி, நம்ம தெருவுக்குப் பின்னாடி மழைக்கு மழை தண்ணி நிக்குதே அந்த காலி இடம், அது எந்தப் பயன்புலம்"னு கேட்டார். ஞாயித்துக்கிழமை மேப்பை எடுத்துட்டு ரெண்டு பேரும் போய் பாக்கறதா இருக்கோம்.