ட்ரூசன்: ‘விழிக்கல்’ வேண்டாம், ‘கசண்டு’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

வயதாகும்போது விழித்திரைக்கு அடியில் சேரும் ‘ட்ரூசன்’ (drusen) என்ற திரளுக்குத் தமிழில் ‘விழிக்கல்’ என்று பெயர் வைக்கலாம் என எழுதியிருந்தீர்கள்.

> மூலச்சொல் சுரங்கத் தொழிலிலிருந்து வந்தது. ஆகவே ‘விழிக்கல்’ என்றே வைக்கலாம்.

மூலம் நீங்கள் சொல்வதுதான். உள்ளே படிகம் மின்னும் பாறைப் பொந்துக்கு ஜெர்மானியச் சுரங்கக்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைன்ரிக் மியூல்லர் அந்தப் பெயரைக் கண்ணுக்குள் கொண்டுவந்தார். ஆனால் நம்மவருக்குக் கல் என்றதும் சிறுநீரகக் கல்தான் நினைவுக்கு வரும். உடைத்து எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். இது பெரும்பாலும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த திரள்.

உருவாகும் விதத்தைப் பார்த்தால் சொல் தானே வந்துவிடுகிறது. விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தம் நுனியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. அடியிலுள்ள நிறமிச் செல்கள் அதை விழுங்கிச் செரிக்கின்றன. கழிவு, அச்செல்களுக்குக் கீழே விரிந்திருக்கும் மெல்லிய புரூக் சவ்வைத் தாண்டி இரத்த நாளங்களுக்குப் போயாக வேண்டும். வயது ஏற ஏற அந்தச் சவ்வு தடித்து, கொழுப்பு ஏறி, எண்ணெய் வடித்து வடித்து அடைத்துப்போன துணி மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் செல்லுக்கும் சவ்வுக்கும் நடுவே எல்லாம் தேங்குகிறது. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி (OCT) படத்தில் பாருங்கள்: பாய்க்கடியில் புளியங்கொட்டை கிடப்பதுபோல நிறமிச் செல் வரிசை அங்கங்கே மேடு தட்டி நிற்கும்.

எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் நிற்பதை எங்கள் வீட்டில் கசண்டு என்போம். ‘திரையடிக் கசண்டு’ என்று வைத்தால் இடமும் வந்துவிடுகிறது, தன்மையும் வந்துவிடுகிறது. ஓரம் தெளிந்த சிறியவை ‘இறுகிய கசண்டு’. ஓரம் கலங்கிய பெரியவை ‘இளகிய கசண்டு’. நடுப்பார்வையைக் கெடுக்கும் விழிப்புள்ளிச் சிதைவுக்கு இட்டுச்செல்லும் அபாயம் இரண்டாவதில்தான் அதிகம் என்பதால் இந்த வேறுபாடு கட்டாயம் தேவை.

> ‘படிவு’ அல்லது ‘கசடு’ போதாதா?

படிவு பொதுச்சொல்லாக இருக்கட்டும். வில்சன் நோயில் கருவிழி ஓரத்தில் செம்பு சேர்வதும் படிவுதானே. கசடு என்றால் குற்றம் என்றும் பொருள். வயதானவரிடம் “உங்கள் கண்ணில் கசடு” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்வை நரம்பின் முகப்பில் சுண்ணாம்பு ஏறி இறுகுவதற்கும் ஆங்கிலத்தில் ட்ரூசன் என்ற இதே பெயர்தான். இடமும் வேறு, காரணமும் வேறு. தமிழில் அந்தக் குழப்பத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. அதை ‘நரம்புமுகக் கல்’ எனலாம். உங்கள் சொல் அங்கே நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கசண்டை எண்ண முடியாது. மருத்துவரோ 63 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தது, 125 மைக்ரானுக்கு மேற்பட்டது என்று ஒவ்வொன்றாக அளக்கிறார். ‘கசண்டுத் திட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், திட்டு என்பது ரொம்பப் பெரிதாகப்படுகிறது. ‘கசண்டுப் பொட்டு’ எப்படி? உங்கள் ஊர்ப் பக்கம் இதைவிட நல்ல சொல் புழங்கினால் எழுதுங்கள் ஐயா.